முகவரி மாறும்போது திரையில் எது தங்குகிறது?

எந்த முகவரிக்குத் திரையில் எதைக் காட்டுவது என்று பிரவுசரில் தீர்மானிக்கும் ரௌட்டரைப் பற்றிய எந்த அறிமுகப் பாடத்தைத் திறந்தாலும் முதலில் ஓர் அட்டவணைதான் வரும். இடப்பக்கம் யூஆர்எல் என்ற முகவரி, வலப்பக்கம் காம்பொனென்ட், அதாவது திரையின் ஒரு பகுதியை வரையும் நிரல் துண்டு. '/ஆர்டர்கள்' என்று வந்தால் ஆர்டர் பட்டியலைக் காட்டு, '/வாடிக்கையாளர்கள்' என்று வந்தால் வாடிக்கையாளர் பட்டியலைக் காட்டு. ஐந்து பக்கம் உள்ள செயலிக்கு இது போதும். ஐம்பது பக்கம் ஆகும்போது இந்தப் பார்வை காலை வாரிவிடுகிறது. பட்டியலில் பாதி தூரம் கீழே போய் ஓர் ஆர்டரைத் தொட்டால் பட்டியல் மறுபடி உச்சியில் போய் நிற்கிறது. தேடல் பெட்டியில் தட்டியது காணாமல் போகிறது. ஓர் ஆர்டரிலிருந்து அடுத்ததற்குப் போனால் பழைய ஆர்டரின் தொகையே தெரிகிறது. மூன்றும் தனித்தனிப் பிழைகள் மாதிரி தோன்றும். தனித்தனியாகத்தான் திருத்தவும் பார்ப்போம். ஆனால் மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்: முகவரி மாறும்போது திரையில் எது தங்க வேண்டும், எது போக வேண்டும் என்று ரௌட் கான்ஃபிக்கில், அதாவது அந்த அட்டவணையை எழுதிவைக்கும் இடத்தில், யாரும் யோசித்து எழுதவில்லை.

சர்வர் ஒவ்வொரு பக்கத்தையும் முழுசாகக் கட்டி அனுப்பிய காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. இணைப்பைத் தொட்டால் பழைய பக்கம் முழுவதும் போகும், புதியது முழுவதும் வரும். பக்கத்தை ஒரே முறை லோடு செய்துவிட்டு, பிறகு திரையை பிரவுசரிலேயே மாற்றிக்கொள்ளும் ஒற்றைப் பக்கச் செயலியில் அப்படி எதுவும் தானாகப் போவதில்லை. முதலில் முகவரியில் '#' குறிக்குப் பின்னால் வரும் பகுதியை மட்டும் மாற்றிச் சமாளித்தார்கள். 2010, 2011 வாக்கில் பிரவுசர்களில் ஹிஸ்டரி ஏபிஐ வந்த பிறகு, பக்கத்தை மறுபடி லோடு செய்யாமலே முழு முகவரியையும் 'புஷ்ஸ்டேட்' மூலம் மாற்ற முடிந்தது. முகவரி மாறும், திரையில் இருப்பது அப்படியே இருக்கும். எதை அகற்றுவது, எதை விட்டுவைப்பது என்பதை நிரல்தான் சொல்ல வேண்டும் என்றாகிவிட்டது.

2010-இல் வந்த பேக்போன் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் அந்தப் பொறுப்பை முழுக்க டெவலப்பர் தலையில் கட்டியது. அதன் ரௌட்டர் ஒரு யூஆர்எல் வடிவத்தை ஒரு ஃபங்ஷனோடு இணைக்கும், அவ்வளவுதான். அந்த ஃபங்ஷனுக்குள் பழைய வியூவை (திரையின் ஒரு பகுதியைக் காட்டும் நிரல்) சரியாக நீக்க மறந்தால், திரையில் தெரியாத வியூ நினைவகத்தில் உயிரோடு இருந்துகொண்டு, மாடலில் (தரவில்) நடக்கும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் வேலை செய்துகொண்டிருக்கும். ஜாம்பி வியூ என்று தனிப்பெயர் வைக்கும் அளவுக்கு அது அன்றாடத் தொல்லை. 2012-இல் ஆங்குலர்ஜேஎஸ் என்ற ஃப்ரேம்வொர்க்கின் 1.0 பதிப்பு வந்தபோது அதன் ரௌட்டர் டெம்ப்ளேட்டையும் (திரையின் எச்டிஎம்எல்) கன்ட்ரோலரையும் (அதை இயக்கும் நிரல்) நேரடியாகக் கான்ஃபிக்கில் வாங்கிக்கொண்டது; பழையதை அகற்றும் வேலையையும் தானே செய்தது. ஆனால் அது தந்த மாறும் இடம் ஒன்றே ஒன்று, 'என்ஜி-வியூ'. தலைப்புப் பட்டை அதற்கு வெளியே இருக்கும், மற்றதெல்லாம் உள்ளே. உள்ளே இருப்பது ஒவ்வொரு முறையும் மொத்தமாகப் போய்விடும். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஆங்குலர்யூஐ குழுவிலிருந்து யூஐ-ரௌட்டர் பிறந்தது. அது யூஆர்எல்லை விட்டுவிட்டு 'ஸ்டேட்' என்பதை மையமாக வைத்தது. ஒரு ஸ்டேட்டுக்குள் இன்னொரு ஸ்டேட். ஒரே ஸ்டேட் பெயரிட்ட பல வியூக்களை நிரப்பலாம்.

எம்பர் என்ற இன்னொரு ஃப்ரேம்வொர்க் இந்த ஒன்றுக்குள் ஒன்று என்ற அமைப்பையே தன் அடித்தளமாக வைத்துக்கொண்டது. யூஆர்எல் படிநிலையும் திரையின் படிநிலையும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும், ஒவ்வொரு படியும் தனக்குள் ஓர் 'அவுட்லெட்' வைத்திருக்கும், அதில் அடுத்த படி வந்து உட்காரும். 2014-இல் ரையன் ஃப்ளாரன்ஸும் மைக்கேல் ஜாக்சனும் ரியாக்ட் நூலகத்துக்காக எழுதிய ரியாக்ட் ரௌட்டர் எம்பரிலிருந்து பாடம் எடுத்ததை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. வ்யூஜேஎஸ் என்ற ஃப்ரேம்வொர்க்கின் ரௌட்டரிலும் இதே கருத்துதான் இருக்கிறது. இனி வரும் விளக்கத்துக்கு அந்த ரௌட்டரையே எடுத்துக்கொள்கிறேன். அதன் நான்காம் பதிப்பில் எல்லாமே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எழுதலாம்.

ஒரு மொத்த வியாபாரக் கடைக்கான செயலி என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கம் ஆர்டர் பட்டியல், வலப்பக்கம் தேர்ந்தெடுத்த ஆர்டரின் விவரம், அந்த விவரத்துக்குள் பொருட்கள், பணம் என்று இரண்டு டேப். அட்டவணைப் பார்வையில் எழுதினால் '/ஆர்டர்கள்' என்பதற்கு ஒரு பக்கம், '/ஆர்டர்கள்/:எண்' என்பதற்கு இன்னொரு பக்கம், '/ஆர்டர்கள்/:எண்/பணம்' என்பதற்கு மூன்றாவது பக்கம். மூன்று பக்கத்துக்குள்ளும் பட்டியல் காம்பொனென்ட்டை இம்போர்ட் செய்து போட்டிருப்போம். திரையில் பார்க்க ஒரே பட்டியல். ரௌட்டர் கண்ணில் அது மூன்று வேறு பக்கங்களுக்குள் இருக்கும் மூன்று வேறு பட்டியல்கள். பக்கம் மாறினால் பழைய பட்டியல் செத்து, புதியது பிறந்து, சர்வரிடம் மறுபடி தரவு கேட்டு, உச்சியிலிருந்து தொடங்கும். ஸ்க்ரோல் குதிப்பதற்குக் காரணம் இதுதான்.

இதையே ஒன்றுக்குள் ஒன்றாக எழுதினால் கான்ஃபிக்கின் எலும்புக்கூடு இப்படி இருக்கும்:

/ஆர்டர்கள் → ஆர்டர்பட்டியல்
— (வெற்றுப் பாதை) → 'ஓர் ஆர்டரைத் தேர்ந்தெடுங்கள்'
— :எண் → ஆர்டர்விவரம்
—— (வெற்றுப் பாதை) → பொருட்கள்
—— பணம் → பணவிவரம்

'/ஆர்டர்கள்/41/பணம்' என்ற முகவரிக்கு இங்கே பொருந்துவது ஒரு பதிவு (கான்ஃபிக்கின் ஒரு வரி) இல்லை, மூன்று பதிவுகளின் சங்கிலி. வெளியே உள்ள 'ரௌட்டர்-வியூ', அதாவது வ்யூஜேஎஸ்-இன் அவுட்லெட், முதல் பதிவின் காம்பொனென்ட்டைக் காட்டும். அந்தக் காம்பொனென்ட்டுக்குள் இருக்கும் ரௌட்டர்-வியூ இரண்டாவதை, அதற்குள் இருப்பது மூன்றாவதை. பணம் டேப்பிலிருந்து பொருட்கள் டேப்புக்கு மாறினால் சங்கிலியின் கடைசிக் கண்ணி மட்டும் மாறுகிறது. ஆர்டர்பட்டியலும் ஆர்டர்விவரமும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஸ்க்ரோலைக் காப்பாற்றத் தனியாக ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை, பட்டியல் எங்கும் போகவில்லையே.

இதில் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. குழந்தைப் பதிவின் பாதையை சாய்கோட்டில் தொடங்கினால் அது தாயின் பாதையோடு ஒட்டாது, நேராக மூல முகவரியாகிவிடும். ':எண்' என்று எழுத வேண்டியதை '/:எண்' என்று எழுதிவிட்டு, ஏன் பொருந்தவில்லை என்று தேடுவது பலருக்கும் நடப்பதுதான். இன்னொன்று, பெயர் வைத்து நகரும்போது வருவது. தாய்ப் பதிவுக்குப் பெயர் வைத்து அந்தப் பெயரால் நகர்ந்தால், வெற்றுப் பாதையில் உள்ள குழந்தை வராது; வலப்பக்கம் காலியாகக் கிடக்கும். பெயரைக் குழந்தைக்கு வைத்துவிட்டால் சரியாகிவிடும்.

தங்குவதால் வரும் சிக்கல்

தங்க வேண்டியது தங்கிவிட்டது. இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பிரச்சினை வருகிறது. 41-ஆம் ஆர்டரிலிருந்து 42-க்குப் போகிறோம். சங்கிலியில் அதே மூன்று பதிவுகள், அதே மூன்று காம்பொனென்ட்கள். மாறியது அளபுரு மட்டும், அதாவது ':எண்' என்ற இடத்தில் வரும் மதிப்பு. அதனால் ரௌட்டர் ஆர்டர்விவரத்தையும் அகற்றுவதில்லை. காம்பொனென்ட் பிறக்கும்போது தரவு கேட்கும் நிரலை 'மவுண்டட்' கட்டத்தில் எழுதியிருந்தால் அது இரண்டாம் முறை ஓடாது. முகவரியில் 42, திரையில் 41-இன் தொகை. கணக்குப் பார்க்கிற செயலியில் இது சாதாரணப் பிழை இல்லை. தப்பான ஆளுக்குப் பணம் வரவு வைக்க இது ஒன்றே போதும்.

இதற்கு மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. அளபுருவைக் கவனிக்கும் 'வாட்ச்' போட்டு, மாறும்போதெல்லாம் தரவைக் கேட்பது. 'ஆன்பிஃபோர்ரௌட்அப்டேட்' என்ற கொக்கியில் (முகவரி மாறும் தருணத்தில் ரௌட்டர் அழைக்கும் ஃபங்ஷன்) கேட்பது. ரௌட்டர்-வியூ காட்டும் காம்பொனென்ட்டுக்கு ஒரு 'கீ' கொடுத்து, எண் மாறினால் காம்பொனென்ட்டையே புதிதாகப் பிறக்க வைப்பது. மூன்றாவது ரொம்பச் சுலபம் என்பதால் பலர் முழு முகவரியையும் கீயாகக் கொடுத்துவிடுகிறார்கள், அதுவும் எல்லாவற்றுக்கும் வெளியே உள்ள ரௌட்டர்-வியூவில். அப்படிச் செய்தால் டேப் மாறினாலும், கேள்விக்குறிக்குப் பின்னால் ஒரு சொல் மாறினாலும் மொத்தத் திரையும் இடித்துக் கட்டப்படும். ஒன்றுக்குள் ஒன்றாக எழுதியதன் பலன் முழுக்கப் போச்சு. கீ தேவையென்றால் விவரத்தைக் காட்டும் உள் ரௌட்டர்-வியூவில் மட்டும், ஆர்டர் எண்ணை மட்டும் கீயாகக் கொடுப்பதே முறை.

வாட்ச் வழியில் போனால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 41-ஐத் தொட்டு, பதில் வருவதற்குள் 42-ஐத் தொடுகிறார் கடைக்காரர். 42-இன் பதில் முதலில் வந்து திரையில் உட்கார்கிறது. அப்புறம் மெதுவாக 41-இன் பதில் வந்து அதன் மேல் எழுதிவிடுகிறது. நல்ல இணைய வேகம் உள்ள அலுவலகத்தில் சோதிக்கும்போது இது கண்ணில் படவே படாது. பழைய கோரிக்கையை 'அபார்ட்கன்ட்ரோலர்' மூலம் ரத்து செய்ய வேண்டும். முடியாவிட்டால், பதில் வந்ததும் அதன் எண்ணும் முகவரியில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்றாவது பார்க்க வேண்டும்.

சில நேரம் திரையை விட்டுப் போனாலும் ஒரு காம்பொனென்ட் உயிரோடு இருக்க வேண்டியிருக்கும். அதற்குக் 'கீப்-அலைவ்' இருக்கிறது. தட்டிய எழுத்தும் வந்த தரவும் அதில் பிழைக்கும். உள்ளே தனியாக ஸ்க்ரோல் ஆகும் பெட்டி நின்ற இடம் மட்டும் பிழைக்காது. பெட்டியைப் பக்கத்திலிருந்து கழற்றி மறுபடி மாட்டுவதால் அது உச்சிக்குப் போய்விடும். போவதற்கு முன் அந்த இடத்தை நாமே குறித்துவைத்துத் திருப்ப வேண்டும்.

பெயரிட்ட வியூக்கள்

ஒன்றுக்குள் ஒன்று என்ற அமைப்புக்கு அடங்காத திரைகளும் உண்டு. நடுவில் அறிக்கை, வலது ஓரத்தில் அந்த அறிக்கைக்கான வடிகட்டிகள், மேல் பட்டையில் அந்த அறிக்கைக்கு மட்டுமான பொத்தான்கள். மூன்றும் பக்கத்துக்குப் பக்கம் மாறுகின்றன, ஆனால் ஒன்று இன்னொன்றுக்குள் இல்லை. இங்கேதான் பெயரிட்ட வியூ. சட்டகத்தில் (பக்கங்களுக்குப் பொதுவான வெளிக் காம்பொனென்ட்டில்) பெயர் கொடுத்து இரண்டு மூன்று ரௌட்டர்-வியூக்களை வைக்கிறோம். பதிவில் 'காம்பொனென்ட்' என்ற ஒருமைச் சொல்லுக்குப் பதில் 'காம்பொனென்ட்ஸ்' என்ற பன்மையில், பெயருக்கு ஒன்றாகக் காம்பொனென்ட்களைத் தருகிறோம். பெயர் இல்லாத ரௌட்டர்-வியூவின் பெயர் 'டிஃபால்ட்'. ஒரு பதிவு ஒரு பெயருக்கு எதுவும் தராவிட்டால் அந்த இடம் காலியாக இருக்கும். அதனால் சட்டகத்தின் சிஎஸ்எஸ் அந்தக் காலி இடத்தைத் தாங்குகிற மாதிரி இருக்க வேண்டும், இல்லையென்றால் வலது ஓரத்தில் வெள்ளைப் பட்டை நிற்கும்.

பெயர் ஒன்றாக இருந்தாலும் ஃப்ரேம்வொர்க்குக்கு ஃப்ரேம்வொர்க் இதன் பொருள் வேறு. வ்யூஜேஎஸ்-இல் எல்லாப் பெயரிட்ட வியூக்களையும் ஒரே முகவரி, ஒரே பதிவுதான் தீர்மானிக்கிறது. ஓரத்துப் பலகை தனியாக எங்கும் போக முடியாது. ஆங்குலர்ஜேஎஸ்-க்குப் பின் வந்த ஆங்குலரில் பெயரிட்ட அவுட்லெட் ஒவ்வொன்றும் தனி வழியில் நகரும். அதன் நிலை முகவரியிலேயே அடைப்புக்குறிக்குள் வரும். '/ஆர்டர்கள்(உரையாடல்:புதியது)' என்ற மாதிரி. நடுவில் பக்கம் மாறினாலும் உரையாடல் பெட்டி திறந்தே இருக்கும், அந்த முகவரியை இன்னொருவருக்கு அனுப்பினால் அவருக்கும் திறந்தே வரும். சக்தி வாய்ந்த ஏற்பாடுதான், முகவரி பார்க்க நன்றாக இருக்காது என்பது அதன் விலை. ரியாக்ட் ரௌட்டரில் பெயரிட்ட அவுட்லெட்டே கிடையாது. 2017-இல் வந்த அதன் நான்காம் பதிப்பு மைய கான்ஃபிக்கையே தூக்கிவிட்டு, ரௌட் என்பதும் எங்கே வேண்டுமானாலும் வைக்கக்கூடிய ஒரு காம்பொனென்ட்தான் என்றது. ஓரப் பலகைக்குத் தனியாக ஒரு ரௌட் எழுதிவிடலாம். 2021-இல் ஆறாம் பதிப்பு மறுபடி ஒன்றுக்குள் ஒன்றான ரௌட்களுக்கும் அவுட்லெட்டுக்கும் திரும்பியது. முழு வரைபடமும் ஒரே இடத்தில் இருந்தால்தான் எந்தப் படிக்கு எந்தத் தரவு வேண்டும் என்று திரை வரைவதற்கு முன்பே ரௌட்டரால் கேட்டு வைக்க முடியும். 2022-இல் 6.4 பதிப்பில் வந்த 'லோடர்' அந்த அடிப்படையில்தான் நிற்கிறது.

பெயரிட்ட வியூவை நான் சிக்கனமாகவே பயன்படுத்தச் சொல்வேன். மாறும் இரண்டு இடங்களுக்கும் பொதுவாக ஒரு காம்பொனென்ட் இருந்தால், அதற்குள்ளேயே இரண்டையும் வைத்துவிடுவது படிப்பவருக்கு எளிது. சட்டகத்தின் வெவ்வேறு மூலையில் இருக்கும் இடங்களுக்கு மட்டும் பெயரிட்ட வியூ சரியான கருவி.

லாகின் பக்கத்தில் தலைப்புப் பட்டையும் பக்க மெனுவும் வேண்டாம் என்பது எல்லாச் செயலியிலும் வரும் தேவை. வெளிக் காம்பொனென்ட்டில் 'இது லாகின் இல்லையென்றால் மெனுவைக் காட்டு' என்று ஒரு நிபந்தனை எழுதுவார்கள். அப்புறம் கடவுச்சொல் மறந்த பக்கம் வரும், அச்சுப் பக்கம் வரும், நிபந்தனை வால் மாதிரி நீளும். கான்ஃபிக்கில் மேல் மட்டத்தில் இரண்டு தாய்ப் பதிவுகள் போதும்: சட்டகம் உள்ளது ஒன்று, வெற்றுத் தாள் ஒன்று. ஒவ்வொரு பக்கமும் எதற்குக் கீழே என்பதே அந்த நிபந்தனை. தாய்க்குக் காம்பொனென்ட் தேவையே இல்லை, ஒரு குழுவுக்குப் பொதுவான அனுமதிச் சோதனை மட்டும் போதும் என்றால், வ்யூஜேஎஸ் ரௌட்டரின் 4.1 பதிப்பிலிருந்து காம்பொனென்ட் இல்லாத தாய்ப் பதிவும் எழுதலாம்.

வியூ எது, காம்பொனென்ட் எது

புது வ்யூஜேஎஸ் திட்டத்தில் ரௌட்டரைச் சேர்த்துத் தொடங்கினால் 'வியூஸ்' என்று ஒரு கோப்புறையும் 'காம்பொனென்ட்ஸ்' என்று ஒரு கோப்புறையும் கிடைக்கும். ஃப்ரேம்வொர்க்கைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வகைக் கோப்புதான். ரௌட் பதிவில் பெயர் வருவது வியூ, வராதது காம்பொனென்ட் என்பது வெறும் வழக்கம். இந்த வழக்கத்துக்கு ஒரு விதியையும் சேர்த்துக்கொண்டால் அது உண்மையிலேயே பயன்படும்: ரௌட்டரைத் தெரிந்திருக்க வேண்டியது வியூ மட்டும்தான். உள்ளே இருக்கும் காம்பொனென்ட் 'இந்த எண் எனக்கு முகவரியிலிருந்து வந்தது' என்று தெரிந்துவைத்திருந்தால், அதே காம்பொனென்ட்டை நாளை ஒரு பாப்அப்பில் போட முடியாது, ரௌட்டர் இல்லாமல் சோதிக்கவும் முடியாது.

வியூவைக்கூட இதிலிருந்து விடுவிக்கலாம். பதிவில் 'ப்ராப்ஸ்: ட்ரூ' என்று போட்டால் முகவரியின் அளபுருக்கள் சாதாரண ப்ராப்ஸாக, அதாவது வெளியிலிருந்து தரும் உள்ளீடுகளாக, உள்ளே வந்துவிடும். பெயரிட்ட வியூக்கள் இருந்தால் எந்தப் பெயருக்கு ப்ராப்ஸ் வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். முகவரியிலிருந்து வருவது எப்போதும் எழுத்துச் சரம் என்பதை மறக்கக் கூடாது. வருவது 41 என்ற எண் இல்லை, '41' என்ற சரம். கண்டிப்பான சமன்பாட்டில் இரண்டும் ஒன்றாகாது, பட்டியலில் தேர்ந்தெடுத்த வரி நிறம் மாறாமலே நிற்கும். ப்ராப்ஸுக்கு ஒரு ஃபங்ஷன் கொடுத்து, எண்ணாக மாற்றுவதை வாசலிலேயே முடித்துவிடுவது நல்லது. ஆங்குலரிலும் 16-ஆம் பதிப்பிலிருந்து அளபுருக்களை நேரடியாகக் காம்பொனென்ட் உள்ளீடாகக் கட்ட முடிகிறது.

எந்தப் பதிவு முதலில் பொருந்தும் என்பதிலும் ஒரு பழைய நினைப்பு தொடர்கிறது. '/ஆர்டர்கள்/:எண்' என்பதை '/ஆர்டர்கள்/புதியது' என்பதற்கு முன்னால் எழுதினால், 'புதியது' என்பதே ஆர்டர் எண்ணாக மாட்டிக்கொள்ளும். ஆங்குலரில் இன்றும் அப்படித்தான், முதலில் எழுதியது வெல்லும். வ்யூஜேஎஸ் ரௌட்டரின் நான்காம் பதிப்பும் ரியாக்ட் ரௌட்டரின் ஆறாம் பதிப்பும் பாதைகளுக்கு மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுக்கின்றன. அங்கே அளபுருவை விட நிலையான சொல்லுக்கு மதிப்பெண் அதிகம், எழுதிய வரிசை பொருட்டில்லை.

லோடு ஆகும் நேரமும் சர்வரும்

ஒவ்வொரு வியூவையும் தேவைப்படும்போது மட்டும் இறக்குவதற்கு, பதிவில் காம்பொனென்ட்டுக்குப் பதில் அதை இம்போர்ட் செய்யும் ஒரு ஃபங்ஷனைக் கொடுக்கிறோம். எந்த ஃபங்ஷனும் இல்லாமல் எல்லாவற்றையும் மேலே இம்போர்ட் செய்தால், லாகின் பக்கத்தைப் பார்க்க வந்தவர் அறிக்கைப் பக்கத்தின் வரைபட நூலகத்தையும் சேர்த்து இறக்குவார். இங்கே கவனிக்க வேண்டியது, அந்த வியூவின் நிரல் உள்ள பொட்டலக் கோப்பு வந்து சேரும்வரை ரௌட்டர் நகர்வை உறுதி செய்யாது. முகவரியும் மாறாது, திரையும் மாறாது. மெதுவான இணைப்பில் பொத்தானைத் தொட்டவருக்கு எதுவுமே நடக்காத மாதிரி தெரியும், மறுபடி மறுபடி தொடுவார். நகர்வு தொடங்கும் கொக்கியில் ஒரு முன்னேற்றக் கோட்டைக் காட்டி, முடியும் கொக்கியில் மறைப்பது கட்டாயம் என்றே சொல்வேன்.

பொட்டலக் கோப்புகளின் பெயரில் உள்ளடக்கத்தைப் பொறுத்த ஒரு குறியீடு சேர்ந்திருக்கும். காலையில் செயலியைத் திறந்தவர் மாலைவரை அதே டேபில் இருக்கிறார். நடுவில் நாம் புதுப் பதிப்பை ஏற்றி, பழைய கோப்புகளை அழித்துவிட்டோம். மாலையில் அவர் முதல் முறையாக அறிக்கைப் பக்கத்தைத் தொடும்போது பழைய பெயரில் கோப்பைக் கேட்பார், சர்வரில் அது இருக்காது. பழைய பொட்டலங்களைச் சில நாட்களாவது விட்டுவைக்க வேண்டும். அதோடு ரௌட்டரின் 'ஆன்எரர்' கொக்கியில் இந்தத் தோல்வியைப் பிடித்து, அவர் போக நினைத்த முகவரியிலேயே பக்கத்தை முழுசாக லோடு செய்துவிட வேண்டும்.

முழுசாக லோடு என்றாலே சர்வரும் கதைக்குள் வந்துவிடுகிறது. '/ஆர்டர்கள்/41' என்று ஒரு கோப்பு சர்வரில் இல்லை. எஞ்சின்எக்ஸ் மாதிரியான சர்வரில் 'இல்லாத முகவரிக்கெல்லாம் முதல் பக்கத்தைக் கொடு' என்று அமைக்காவிட்டால், ரீலோடு செய்தவருக்கு 404 பிழைதான் கிடைக்கும். அமைத்த பிறகு சர்வர் எதற்குமே 404 சொல்லாது. தப்பான முகவரிக்கு 'அப்படி ஒரு பக்கம் இல்லை' என்று சொல்லும் வேலை நம் கான்ஃபிக்கின் கடைசிப் பதிவுக்கு, எல்லாவற்றையும் பிடிக்கும் அந்தப் பதிவுக்கு, வந்துவிடுகிறது. இல்லாத ஜாவாஸ்கிரிப்ட் கோப்பைக் கேட்டாலும் சர்வர் முதல் பக்கத்தின் எச்டிஎம்எல்லைத் தந்துவிடாதபடி, சொத்துக் கோப்புறையை இந்த ஏற்பாட்டிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். இல்லையென்றால் மேலே சொன்ன பொட்டலத் தோல்வி, கோப்பு வகை பொருந்தவில்லை என்ற குழப்பமான பிழைச் செய்தியாகத் தெரியும்.

ரீலோடு நடந்தால், ஒன்றுக்குள் ஒன்றாக எவ்வளவு கவனமாக எழுதித் தங்கவைத்த காம்பொனென்ட்டும் போய்விடும். மிஞ்சுவது முகவரியில் உள்ளது மட்டும். தேடல் சொல், 'பாக்கி உள்ளவை மட்டும்' என்ற வடிகட்டி, எத்தனையாவது பக்கம் ஆகியவற்றைக் கேள்விக்குறிக்குப் பின்னால் வைத்துவிட்டால் ரீலோடிலும் பிழைக்கும், வாட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்பினாலும் அதே நிலையில் திறக்கும். தேடல் பெட்டியில் ஒவ்வோர் எழுத்துக்கும் முகவரியை மாற்றும்போது பிரவுசர் வரலாற்றில் புதிதாக ஒன்றைச் சேர்க்கும் 'புஷ்' பயன்படுத்தாமல், இருப்பதையே மாற்றும் 'ரிப்ளேஸ்' பயன்படுத்துங்கள். 'முருகன்' என்று தட்டியவர் வெளியே வர ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு முறை பின் பொத்தானைத் தொட வேண்டியிருக்கக் கூடாது. பாதி நிரப்பிய படிவம் முகவரிக்குப் பொருந்தாத சரக்கு. அதை பிரவுசரின் செஷன் ஸ்டோரேஜில் வைத்துக்கொள்ளலாம், சேமிக்காமல் வெளியேறப் பார்த்தால் அந்த வியூவின் வெளியேறும் கொக்கியில் ஒரு முறை கேட்டுவிடலாம்.